கொலம்பைன் வளர்த்த கதை: இலை வந்தது, பூ வரவில்லை

போன ஆவணியில் ரொறன்ரோவிலிருந்து வந்த அக்கா ஒரு கடித உறையைத் தந்தார். உள்ளே கடுகளவில், எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும் கறுப்பு விதைகள். அவருடைய வளவில் நிற்கும் கொலம்பைன். சிவப்பும் மஞ்சளுமாய்த் தலைகவிழ்ந்து தொங்கும் பூ, ஐந்து இதழ், ஒவ்வொரு இதழின் பின்னாலும் நீண்ட குழல். குழலின் நுனியில்தான் தேன். அங்கே ரீங்காரச்சிட்டு என்கிற நீண்ட அலகுச் சின்னக் குருவி வந்து குடிக்கும். எங்கள் வீட்டுத் தேன்சிட்டின் அலகும் வளைந்து நீண்டதுதானே என்று எனக்கொரு ஆசை.

விதைக்குக் குளிர் பட வேண்டும் என்றார்கள். ஈர மணலில் கலந்து பிறிட்ஜில் ஐந்து கிழமை வைத்தேன். பழுதான ஏதோ என்று அம்மா இரண்டு தரம் எறியப் பார்த்தார். ஐப்பசிக் கடைசியில் இரண்டு சாடியில் போட்டேன். முதல் சாடியில் வழக்கம்போல் மண் மூடினேன், ஒன்றுமே வரவில்லை. இந்த விதைக்கு வெளிச்சம் வேண்டுமாம். மூடாமல் தூவிய இரண்டாவது சாடியில் 24ஆம் நாள் தலைகாட்டி, ஒன்பது முளைத்தன.

இலை என்னமோ வடிவுதான். மல்லி இலைபோல மும்மூன்றாகப் பிரிந்து, நீலம் கலந்த பச்சை. தண்ணீர் தெளித்தால் சேம்பிலையில்போல் துளி உருண்டு ஓடும். மாரி மழையில் வேர் அழுகாமல் இருக்கத் தாழ்வாரத்துக்குள் வைத்தேன், செம்மண்ணில் மணலும் இலைமக்கும் கூட்டி.

பங்குனி வெயில் ஆறு கன்றுகளைக் கொண்டுபோனது. ஒன்றை நிலத்தில் நட வெளியே எடுத்தேன். ஆணிவேர் நேராகக் கீழே இறங்கியிருந்ததால் நடுவில் முறிந்தது. அதைச் சின்னதிலேயே மாற்றியிருக்க வேண்டும். மிச்சம் இரண்டும் கிடுகுப் பந்தலுக்குக் கீழே சோளகக் காற்றையும் தாண்டின. அப்புறமும் மொட்டு இல்லை.

அக்காவிடம் கேட்டேன். “முதல் வருசம் இலைதான். ஒரு வின்ரர் படுத்தெழும்பினால்தான் பூக்கும்” என்றார். அங்கே இலை முழுக்கக் காய்ந்து, அடிக்கிழங்கு மட்டும் பனிக்குக் கீழே கிடந்து, மே மாதம் பூக்கும். இங்கே அது படுக்கக் குளிர் ஏது? மார்கழியிலும் மின்விசிறி சுற்றுகிறது.

சரி, ஒரு சாடியை நுவரெலியாவில் படிப்பிக்கும் மச்சாளிடம் கொடுத்துவிட்டேன். தையில் அங்கே சில விடியல்களில் புல்லில் உறைபனி படியும். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாளாம். வழி நெடுக, மல்லிக்கன்றை ஏன் இவ்வளவு தூரம் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார்களாம்.