விதைக்கு ஒரு செடி

பூஜை முடிந்ததும் செண்டுமல்லி மாலையைப் பிய்த்துத் தொட்டியில் தூவிவிட்டு, "முளைக்கவே இல்லைங்க" என்று வருத்தப்படுகிறவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர். சந்தைக்கு வருவது புதுசாகப் பறித்த பூ. அதில் விதை முற்றியே இருக்காது. ஒன்றிரண்டு முளைத்தால் அதிர்ஷ்டம்தான். நல்ல விதை வேண்டுமென்றால் பூ செடியிலேயே காய வேண்டும்.

அதனால் எங்கள் மாடியில் ஒரு செடி விதைக்கென்றே நிற்கும். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா இத்தாம்பெரிய பூவைக் காய விடறியே" என்று அத்தை புலம்புவார். பெரிய பூ என்பதால்தானே விடுகிறேன்! நல்லதையெல்லாம் சாமிக்குப் பறித்துவிட்டு, கடைசியில் வந்த சூம்பல் பூவில் விதை எடுக்கிற வழக்கம் எனக்குப் பிடிக்காது.

இதழ் சருகாகி, அடியில் இருக்கும் பச்சைக் கிண்ணமும் பழுப்பானதும் பறிக்கலாம். இதழ்களைச் சேர்த்துப் பிடித்து இழுத்தால் விதைகள் கொத்தாகக் கையோடு வரும். ஊசி மாதிரி இருக்கும், ஒரு பாதி கறுப்பு, மறு பாதி வைக்கோல் நிறம். கறுப்புப் பக்கம் விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்பட்டால் விதை. வெளுத்துத் தட்டையாக இருந்தால் பதர், ஊதிவிடுங்கள்.

ஹைபிரிட் செடியில் எடுத்த விதை தாயைப் போலவே வராது. குட்டை, நெட்டை, அடுக்குக் குறைந்த பூ எல்லாம் கலந்து வரும். எனக்கு அந்தக் கலவை பிடிக்கும். ஒரே மாதிரி வேண்டும் என்பவர்கள் பூசா நாரங்கி (ஆரஞ்சு), பூசா பசந்தி (மஞ்சள்) போன்ற ரகங்களில் ஒன்றை மட்டும் வளர்க்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தேனீ சும்மா இருக்காது, மகரந்தத்தைக் கலந்துவிடும்.

விதைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து தட்டில் நிரப்பி, விதையைப் படுக்க வைத்து, மேலே லேசாகத் தூவினால் போதும். ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். முளைத்ததும் வெயிலுக்குக் கொண்டுபோங்கள். நிழலில் வைத்தால் நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடும். அப்படிச் சாய்ந்த நாற்றையும் தூக்கி எறிய வேண்டாம். நடும்போது தண்டைக் கொஞ்சம் ஆழமாகப் புதைத்தால் அதிலிருந்தே வேர் விடும்.

நட்டு ஒரு மாதம் போல ஆனதும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். முதல் மொட்டு அதில்தான் எட்டிப் பார்க்கும், கிள்ள மனசே வராது. கிள்ளினால்தான் பக்கக் கிளை வெடித்துப் பூ நிறைய வரும். விதைச் செடியை மட்டும் நான் கிள்ளுவதில்லை.

அப்புறம், தக்காளித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு செண்டுமல்லித் தொட்டியை வைத்துவிட்டு, மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் நூற்புழு போய்விடும் என்று நம்பாதீர்கள். அந்த வேலையைச் செய்வது அதன் வேர். அதே மண்ணில் முன்கூட்டியே வளர்ந்திருந்தால்தான் பலன்.

ஆயுத பூஜைக்குப் பூ வேண்டும் என்றால் ஆனியிலேயே விதைத்துவிடுங்கள். நாற்றுக்கு ஒரு மாதம், நட்டபின் பூக்க ஏறக்குறைய இரண்டு மாதம். நவராத்திரிக்குக் கொலு வைத்தபின் நாற்று தேடி நர்சரிக்கு ஓடினால், பூ கார்த்திகைத் தீபத்துக்குத்தான் வரும்.