மானிட்டரில் குறை இல்லை, கர்சர் மட்டும் ஓடவில்லை

கர்சர் கோளாறு என்று சொன்னால் கடையில் யாரும் காதில் வாங்குவதில்லை. திரையில் கோடு விழுந்தால் புரிகிறது, நிறம் மங்கினால் புரிகிறது. ‘அம்புக்குறி திக்குகிறது, சில நேரம் கட்டமாக உடைகிறது, சில நேரம் தாவுகிறது’ என்றால், ‘மவுஸை மாற்றிப் பாருங்கள் மேடம்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மவுஸை மாற்றினேன். பக்கத்து வீட்டுப் பையனின் மவுஸிலும் அதே கதை. ஒரு புது மானிட்டர் மூன்று வெவ்வேறு கோளாறுகளை ஒரே நேரத்தில் வெளியே கொண்டுவரலாம் என்று தொடக்கத்திலேயே ஒருவர் சொல்லியிருந்தால் எவ்வளவோ அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு மெய்ப்புத் திருத்துவதும் பக்கம் வடிவமைப்பதும் தொழில். ஒற்று விட்டுப்போயிருக்கிறதா, றகரமா ரகரமா, புள்ளி எழுத்தின் தலையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று நாள் முழுவதும் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் 27 அங்குல 4கே மானிட்டர். வாங்கியது, பிரித்தது, இணைத்தது எல்லாம் ஒரே மாலையில் முடிந்தது. எழுத்துகள் அவ்வளவு துல்லியம்! ஆனால் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே கர்சரை வைக்கப் போனால், கை நின்ற பிறகும் அது நகர்ந்து அடுத்த எழுத்தில் போய் நிற்கும்.

முதலில் பார்க்க வேண்டியது ரெப்ரெஷ் ரேட், அதாவது திரை நொடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு. அதை ஹெர்ட்ஸில் சொல்வார்கள். விண்டோஸ் 11 செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால் தெரியும். எனக்கு அங்கே 30 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. 60 ஹெர்ட்ஸில் திரை சுமார் 17 மில்லி நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். 30 என்றால் 33 மில்லி நொடிக்கு ஒருமுறை. படம் பார்க்கும்போது இந்த வித்தியாசம் உறைக்காது. கையில் மவுஸைப் பிடித்திருப்பவருக்கு உடனே உறைக்கும்.

இதைக் கடையில் சொன்னேன். விற்பனைப் பிரிவில் இருந்தவர் ‘கேபிள் தரம் போதாது’ என்று சொல்லி கணினியின் படத்தை மானிட்டருக்குக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிளில் விலை கூடிய ஒன்றைக் கொடுத்தார். அட்டையில் பெரிதாக 4கே என்று போட்டிருந்தது. வீட்டில் மாட்டினால் அதே 30. கேபிளின் மேல் பழி போட்டவர், என் மடிக்கணினியில் உள்ள எச்டிஎம்ஐ போர்ட் எந்தப் பதிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய பதிப்பான எச்டிஎம்ஐ 1.4 மொத்தம் நொடிக்கு 10.2 ஜிகாபிட் வேகத்தைத்தான் தாங்கும். 4கே, அதாவது 3840க்கு 2160 என்பது ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். அவற்றை நொடிக்கு 60 தடவை அனுப்ப அந்த வேகம் போதாது, 30 தடவையோடு நின்றுவிடும். அதற்கு 2013இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 வேண்டும், அதன் வேகம் 18 ஜிகாபிட். போர்ட் பழையது என்றால் தங்கத்தில் கேபிள் செய்து மாட்டினாலும் பயனில்லை. பிரித்த கேபிளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பணம் போனது போனதுதான்.

ஒரு எச்சரிக்கை: அட்டையில் ‘4கே’ என்று மட்டும் இருப்பதை நம்பாதீர்கள். 30 ஹெர்ட்ஸும் 4கேதான். 60 வேண்டும் என்றால் ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ அல்லது ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ என்ற சான்று ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டைப்-சியில் செருகி ஒரு போர்ட்டைப் பலவாக்கும் மலிவு விலை ஹப்களிலும் இதே பொறி உண்டு. ஒரே கேபிளில் உள்ள பாதைகளில் பாதியை யூஎஸ்பி 3க்கும் பாதியைப் படத்துக்கும் பிரித்துக் கொடுப்பதால், பல ஹப்கள் 4கேயை 30இலேயே நிறுத்திவிடுகின்றன.

விடை கிடைத்தது சென்னையில் மின்னணுச் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவில், ஒரு சிறிய கடையில். கடைக்காரர் வயதில் மூத்தவர். நான் பேசத் தொடங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, ‘டைப்-சி போர்ட் பக்கத்தில் என்ன குறி போட்டிருக்கிறது அம்மா?’ கைபேசியில் எடுத்திருந்த படத்தைக் காட்டினேன். எச்டிஎம்ஐ போலவே படம் அனுப்பும் இன்னொரு வகை இணைப்பான டிஸ்ப்ளேபோர்ட்டின் குறி தெளிவாகத் தெரிந்தது. ‘அப்படியென்றால் எச்டிஎம்ஐ பக்கமே போகாதீர்கள்’ என்று சொல்லி, ஒரு முனை டைப்-சி, மறுமுனை டிஸ்ப்ளேபோர்ட் உள்ள கேபிளைக் கொடுத்தார். வீணான எச்டிஎம்ஐ கேபிளைவிட விலை குறைவு. வீட்டுக்கு வந்து மாட்டியதும் 60 என்று காட்டியது. கர்சர் கை போகும் இடத்துக்குப் போனது. அன்று இரவு நீண்ட நேரம் உட்கார்ந்து நிலுவையில் இருந்த பக்கங்களைத் திருத்தினேன்.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. மடிக்கணினித் திரையிலிருந்து பெரிய திரைக்குக் கர்சர் தாண்டும்போது, சில சமயம் அம்புக்குறி இருந்த இடத்தில் கோடு கோடாக ஒரு சிறு சதுரம் நிற்கும். சில சமயம் கர்சரே காணாமல் போய், இன்னொரு மூலையில் முளைக்கும். இதோடு, பெரிய கோப்புகளை நகல் எடுக்கும் நேரங்களில் கர்சர் தத்தித் தத்தித் தாவியது. இரண்டும் ஒரே கோளாறு என்றுதான் யாருக்கும் தோன்றும். மானிட்டர் வாங்கிய கடையில் ‘இனிமேல் கம்பெனி சர்வீஸ் சென்டர்தான்’ என்று கைகழுவினார்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசியவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னார்.

இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. கர்சர் கோளாறை ஸ்கிரீன்ஷாட்டில் பிடிக்க முடியாது. படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் சிப் கர்சரைத் திரையில் உள்ள மற்ற படத்தோடு சேர்த்து வரைவதில்லை. அதைத் தனிப் படமாக வைத்துக்கொண்டு, படம் கேபிளுக்குள் போகும் கடைசிக் கட்டத்தில் மேலே ஒட்டுகிறது. கர்சர் அசையும்போதெல்லாம் திரை முழுவதையும் திரும்ப வரையாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. ஸ்கிரீன்ஷாட் எடுப்பது ஒட்டுவதற்கு முந்தைய படத்தை. திரையைப் பதிவு செய்யும் மென்பொருளும் தன் பங்குக்கு ஒரு நல்ல கர்சரைச் சேர்த்துவிடும். நான் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் எல்லாம் சரியாக இருந்தது. ‘படத்தில் பிரச்சினை எதுவும் தெரியவில்லையே’ என்று பதில் வந்தது. கைபேசியின் ஸ்லோ மோஷனில் திரையை வீடியோ எடுங்கள். கைபேசி வீடியோவில் சதுரம் தெரிந்து, திரைப்பதிவில் தெரியாமல் இருந்தால், கோளாறு கர்சரை ஒட்டும் அந்தக் கடைசிக் கட்டத்தில் என்று தாராளமாகச் சந்தேகிக்கலாம். அந்த வீடியோவை அனுப்பிய பிறகுதான் புகாருக்கு ஒரு எண்ணே கொடுத்தார்கள்.

சர்வீஸ் சென்டருக்கு ஆட்டோவில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பில்லில் சீரியல் எண் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஜிஎஸ்டி பில்தான், தொகை இருந்தது, மாடல் இருந்தது, சீரியல் எண்ணை மட்டும் கடைக்காரர் அடிக்காமல் விட்டிருக்கிறார். மறுபடி கடைக்குப் போய், முத்திரையோடு எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு திரும்பினேன். தயவுசெய்து வாங்கும் நாளிலேயே பெட்டியில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

அங்கே சோதித்த விதத்தைப் பார்த்து மனம் கசந்தது. மேசையில் இருந்த பழைய கணினியில் மானிட்டரை மாட்டினார்கள். 1920க்கு 1080 தெளிவுத்திறன். வயர் உள்ள மவுஸ். இந்த மூன்றும் சேர்ந்தால் என் வீட்டுக் கோளாறு ஒன்றுகூட வெளிப்பட வழியில்லை. ‘என் மடிக்கணினியிலும் கேபிளிலும் 4கேயில் போட்டுப் பாருங்கள்’ என்று பையிலிருந்து எடுத்து நீட்டினேன். ‘வெளி உபகரணங்களில் சோதிக்க அனுமதி இல்லை மேடம்’ என்றார் அங்கிருந்த இளைஞர். குறை எதுவும் இல்லை என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நான் கையெழுத்தின் கீழே, எந்தத் தெளிவுத்திறனில், எந்த மவுஸோடு சோதித்தார்கள் என்பதைத் தமிழிலேயே எழுதிவிட்டு வந்தேன். பிறகு சண்டை வந்தால் அந்த வரி உதவும். நீங்களும் எழுதுங்கள்.

அதற்குப் பிறகு யாரையும் நம்பாமல் நானே பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். மிகவும் பயன்பட்ட சோதனை மிக எளியது. கர்சர் கோளாறு செய்யும் நேரத்தில் மவுஸை விட்டுவிட்டு மடிக்கணினியின் டச்பேடில் விரலை வைத்து நகர்த்துங்கள். டச்பேடிலும் அதே கோளாறு இருந்தால் அது படம் சம்பந்தப்பட்டது. டச்பேடில் வழுக்கிக்கொண்டு ஓடினால் மானிட்டருக்கும் அதற்கும் தொடர்பில்லை, மவுஸ் பக்கம் போங்கள். எனக்குச் சதுரம் டச்பேடிலும் வந்தது. தாவல் வரவில்லை. அந்த நிமிடம்தான் இவை இரண்டு தனித்தனி விவகாரம் என்று தெரிந்தது.

சதுரத்துக்கு உடனடி மருந்து: பழைய கன்ட்ரோல் பேனலில் மவுஸ், பாயின்டர் ஆப்ஷன்ஸ் போய், ‘பாயின்டர் டிரெயில்ஸ்’ என்பதை மிகக் குறைந்த அளவில் இயக்கினேன். கர்சருக்குப் பின்னால் நிழல் வரிசை வர வேண்டும் என்று சொன்னதும் விண்டோஸ் கர்சரைத் திரையில் உள்ள மற்ற படத்தோடு சேர்த்தே வரையத் தொடங்குகிறது. ஒட்டும் வேலை நின்றுபோகிறது. சதுரம் மறைந்தது. ஆனால் வால் போல ஒரு நிழல் வந்தது, எழுத்துகளுக்கு நடுவே கர்சரை வைக்கும் எனக்கு அது உறுத்தல். நிரந்தரத் தீர்வு கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவரில் இருந்தது. விண்டோஸ் அப்டேட் ‘உங்களிடம் இருப்பதே புதியது’ என்று சொல்லிக்கொண்டிருந்தது; மடிக்கணினி தயாரிப்பாளரின் தளத்தில் என் மாடலுக்கு அதைவிடப் புதிய டிரைவர் இருந்தது. நிறுவி, கணினியை மறுபடி தொடங்கி, டிரெயில்ஸை அணைத்தேன். அதன் பிறகு சதுரம் வரவில்லை.

தாவலுக்குக் காரணம் கேட்டால் வியப்பாக இருக்கும். வயர்லெஸ் மவுஸுக்காகக் கணினியில் செருகும் சிறு துண்டான டாங்கிள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகிறது. யூஎஸ்பி 3.0 சாதனங்கள் இயங்கும்போது அதே அலைவரிசைப் பக்கம் இரைச்சலை உமிழ்கின்றன; இன்டெல் 2012இலேயே இதை ஒரு அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. முன்பெல்லாம் என் வெளி ஹார்ட் டிஸ்க் வலப்பக்க டைப்-சி போர்ட்டில் இருந்தது. அந்த இடத்தை மானிட்டர் கேபிள் எடுத்துக்கொண்டதால், டிஸ்க் இடப்பக்கம் டாங்கிளை ஒட்டிய போர்ட்டுக்கு மாறியது. அதனால்தான் டைப்-சி கேபிளை மாட்டிய நாளிலிருந்து தொல்லை, அதுவும் நகல் எடுக்கும் நேரத்தில் மட்டும். ஒரு மீட்டர் யூஎஸ்பி 2.0 நீட்டிப்பு கேபிள் வாங்கி டாங்கிளை மேசைமேல் மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். டிஸ்க் முழு வேகத்தில் ஓடும்போதும் கர்சர் இப்போது அசங்காமல் போகிறது. புது மவுஸ் வாங்கச் சொன்னவர்கள் யாரும் டாங்கிள் எங்கே செருகியிருக்கிறது என்று கேட்கவில்லை.

இன்னொன்று, இது கோளாறே அல்ல. கர்சர் ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குப் போகாமல் விளிம்பில் முட்டி நின்றால் பதற வேண்டாம். மடிக்கணினித் திரையின் உயரம் 1080 புள்ளிகள், 4கேயின் உயரம் 2160. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் இரண்டு கட்டங்களும் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதி வழியாகத்தான் கர்சர் தாண்டும், மீதி விளிம்பு சுவர். நீங்கள் அடிக்கடி தாண்டும் உயரத்தில் கதவு வரும்படி கட்டத்தை மேலும் கீழும் இழுத்து வையுங்கள். விண்டோஸ் 11இல் மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் பகுதியில் கர்சர் தாண்டுவதை எளிதாக்கும் ஒரு தேர்வும் இருக்கிறது, அதையும் இயக்கிவிடுங்கள்.

புகார் எண் இன்னும் திறந்த நிலையில்தான் இருக்கிறது. மூட வேண்டுமா என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. கோளாறுகள் எங்கே இருந்தன என்று எழுதி, கைபேசி வீடியோவையும் இணைத்து, அதைப் பதிவேட்டில் சேர்த்த பிறகு மூடச் சொல்லிப் பதில் அனுப்பியிருக்கிறேன்.