திருவிழா அம்பிளிபயரை வீட்டு றிசீவருடன் இணைத்தது

பரந்தனில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் அண்ணை ஒருவர் புது செட் இறக்கினார். பழைய பவர் அம்பிளிபயரும் இரண்டு பெரிய பொக்ஸும் மலிவாக என் கைக்கு வந்தன. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கெல்லாம் போய்வந்த சாமான். "வொலியூமை முழுக்கத் திறந்து வை தம்பி, அப்பதான் பவர்" என்று சொல்லித்தான் ஏற்றிவிட்டார்.

வீட்டு ஏவி றிசீவரின் (படத்தின் ஒலியை ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பிறீ அவுட்டிலிருந்து, அதாவது வெளி அம்பிளிபயருக்கென்று பெருக்காத ஒலி வரும் துளையிலிருந்து, முன் இடம், வலம் இரண்டுக்கும் வயர் இழுத்தேன். நடு ஸ்பீக்கரும் பின்னவையும் றிசீவரிலேயே இருக்கட்டும் என்று விட்டேன். அம்பிளிபயரில் இருப்பது எக்ஸ்எல்ஆர், மூன்று முள் செருகி. றிசீவரிலிருந்து வரும் ஆர்சிஏ வயரின் நடுக்கம்பியை 2ஆம் முள்ளிலும், சுற்றுக்கம்பியை 1, 3 இரண்டிலும் சேர்த்தும் பற்றவைத்தேன்.

றிசீவர் தரும் 1.2 வோல்ற் போதாதோ என்றுதான் பயந்தேன். நடந்தது நேர்மாறு. படம் போட்டால் மழையும் இடியும் கூரையைத் தூக்கின, ஆட்கள் பேசுவது கேட்கவில்லை. படத்தை நிறுத்தினால் பொக்ஸில் 'ஸ்ஸ்ஸ்'. றிசீவரின் மைக்கை வைத்து அளவெடுத்தேன்: எல்லா ஸ்பீக்கரையும் சமப்படுத்த அது முன் இரண்டையும் −12 டெசிபலுக்கு இறக்கியது. அதற்குக் கீழே இறங்க என் றிசீவரில் இடமில்லை.

அப்புறம்தான் அம்பிளிபயரின் முதுகைப் பார்த்தேன். 8 ஓமில் 200 வாற், அதற்கு உள்ளே போகவேண்டியது 0.775 வோல்ற். 200 வாற் என்றால் வெளியே 40 வோல்ற். வகுத்தால் ஏறத்தாழ 52 மடங்கு, அதாவது 34 டெசிபல் பெருக்கம். றிசீவர்களுக்குள் இருக்கும் அம்பிளிபயரின் பெருக்கம் பெரும்பாலும் 29க்குக் கிட்டத்தான். இந்த 5 போதாதென்று, பொக்ஸும் நடு ஸ்பீக்கரைவிட 10 டெசிபல் அதிகம் கத்தும் சாதி. 15ஐ −12 எங்கே சமாளிக்கும்?

ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு 50 ஹேர்ட்ஸ் ஒலி கொடுத்தேன். மலிவு மல்ரிமீற்றர் அந்த இடத்தில்தான் சரியாகக் காட்டும். உள்ளே 0.1 வோல்ற், முழுக்கத் திறந்தால் வெளியே 5.1. அம்பிளிபயரின் வொலியூம் குமிழைத் திருப்பி அதை 2.0க்கு இறக்கினேன். இடது குமிழ் 12 மணிக்கு நின்றது. வலதையும் அதே கோட்டில் வைத்தால் 2.3! கோட்டை நம்பாமல் மீற்றரைப் பார்த்து மயிரிழை திருப்பி, தங்கை நகத்துக்குப் பூசும் கியூரெக்ஸால் இரண்டிலும் புள்ளி வைத்தேன்.

மறுபடி மைக்: முன் −6.5, நடு +0.5. இரைச்சலைக் கேட்கக் காதை பொக்ஸில் ஒட்டவேண்டியிருக்கிறது.

அண்ணைக்குச் சொன்னேன். "பாதியிலை வைச்சா பக்கத்து ஊருக்குக் கேக்காதேடா" என்றார்.

டிஷ் வயரைச் செருகினால் மட்டும் 'ம்ம்ம்' என்கிறது. இப்போதைக்குக் கழற்றி வைத்திருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் இன்னொரு தொல்லை: அம்பிளிபயர் உடனே எழும்புகிறது, றிசீவர் தூங்குகிறது, பிறகு றிசீவரைப் போட்டால் 'டொம்'. அதனால் அம்பிளிபயருக்குத் தனிச் சுவிட்ச். போடும்போது அது கடைசி, நிறுத்தும்போது அதுதான் முதல்.