நரி வீட்டு அடுப்பு

எங்கள் பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் மூன்று தரம் தொலைபேசி எடுத்துவிட்டார். இல்ல விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, கிரிக்கெட் எல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். என்னிடம் இருப்பது ஒரு நரிக் கதை.

சென்ற மாதம் பேரன் பள்ளிப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் குந்தினான். இங்கே பிரான்சில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ரெனார் என்ற நரியின் கதைகளைப் படிப்பிக்கிறார்கள். "அம்மப்பா, செத்தமாதிரிக் கிடந்து மீன் வண்டியில ஏறின நரியைத் தெரியுமோ?" என்றான். தெரியும் என்றேன். அவன் நம்பவில்லை.

1974இல், இலங்கையில், எங்கள் பள்ளிக்கூடத்துக் கிடுகுக் கொட்டகை வகுப்பில் கேட்ட கதை அது. சொன்னவர் சரித்திரம் படிப்பித்த ஆசிரியர், எங்களுக்கு அவர் சரித்திர சேர். அதைச் சொல்ல முதல் பாண் (ரொட்டி) வாங்க நின்ற வரிசையைச் சொல்ல வேண்டும்.

என் வயதுக்காரருக்கு அந்த வருடங்களை விளக்கத் தேவையில்லை. அரசாங்கம் கூப்பனுக்குக் கொடுக்கும் அரிசி குறைந்திருந்தது. கோதுமை மா தட்டுப்பாடு. மிளகாயும் வெங்காயமும் பயிர் செய்த வீடுகளில் காசு புரண்டது, ஆனால் காசை வைத்துக்கொண்டும் பாணுக்கு நிற்கத்தான் வேண்டும். எங்கள் வீட்டில் காசும் இல்லை, பாணும் இல்லை, மரவள்ளிக்கிழங்கு இருந்தது. விடிய நாலு மணிக்கு அம்மா என்னை எழுப்பி அனுப்புவா. ஒருநாள் வரிசை றோட்டு முடக்கு வரை நின்றது. எனக்கு ஒரு யோசனை வந்தது. கண்ணைச் செருகிக்கொண்டு அப்படியே மண்ணில் சரிந்துவிட்டேன். "ஐயோ, பசி மயக்கமடி பிள்ளைக்கு" என்று ஒரு ஆச்சி கத்தினா. தூக்கி, தண்ணீர் தெளித்து, முன்னுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டு றாத்தல் பாண் கிடைத்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினால், தலையில் துவாயைச் சுற்றியபடி வரிசையில் நிற்கிறார் சரித்திர சேர். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மூன்றாம் பாடம் சரித்திரம். பிரம்பை எதிர்பார்த்து உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டிருந்தேன். சேர் புத்தகத்தை மூடி வைத்தார். "பிரான்சில எண்ணூறு வருசத்துக்கு முந்தி ஒரு நரி இருந்தது" என்று தொடங்கினார்.

கோடை போய்க் குளிர் வரும் காலம். நரியின் வீட்டில் வைத்திருந்த சாப்பாடெல்லாம் முடிந்துவிட்டது, வாங்கவும் வழியில்லை. தெருவில் மீன் வியாபாரிகளின் வண்டி வருகிறது. நரி நடுத்தெருவில் நாக்கைத் தள்ளிக்கொண்டு செத்ததுபோலக் கிடக்கிறது. தோலுக்கு என்ன விலை வரும் என்று பேசிக்கொண்டே வியாபாரிகள் அதைத் தூக்கி மீன் கூடைகளுக்கு மேல் எறிகிறார்கள். உள்ளே கிடந்தபடியே முப்பதுக்கு மேல் ஹெரிங் மீன் தின்று, விலாங்கு மீன் கோர்வைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நரி குதித்துவிடுகிறது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"நரி கெட்டிக்காரன், அது எல்லாருக்கும் தெரியும். நரி வீட்டு அடுப்பில என்ன இருந்தது? அதைச் சொல்லுங்கோ" என்றார் சேர். எந்தக் கதைக்கும் அவர் கேட்கும் கேள்வி அதுதான். நரி மீனோடு வீட்டுக்குப் போகிறது, மனைவியும் இரண்டு குட்டிகளும் வாசலுக்கு ஓடி வருகிறார்கள், கதவைச் சாத்திக்கொண்டு விலாங்கைக் குச்சியில் குத்தி வாட்டுகிறார்கள். கதவைச் சாத்தினார்கள் என்பதை சேர் இரண்டு தரம் சொன்னார். எங்கள் வீட்டிலும் சாத்தித்தான் சாப்பிட்டோம்.

வெளியே மணம் பிடித்து நிற்பது ஓநாய் இசாங்ரான். உள்ளே துறவிகள் சாப்பிடுகிறார்கள், நீயும் துறவியானால் சாப்பாடு உண்டு என்கிறது நரி. பட்டினி கிடந்த ஓநாய் அதற்கும் சம்மதிக்கிறது. மொட்டை போடுவதாகச் சொல்லித் தலையில் கொதிநீர் ஊற்றப்படுகிறது. பிறகு மீன் பிடிக்க நரி அதை உறைந்த குளத்துக்குக் கூட்டிப் போகிறது. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டக் குடியானவர்கள் பனியில் வெட்டிய துளை அங்கே இருக்கிறது, வாளியும் கிடக்கிறது. வாலில் வாளியைக் கட்டி இறக்கியிருந்த ஓநாய்க்கு விடியும்போது வால் பனியில் இறுகிவிடுகிறது. நாய்களோடு ஆட்கள் வர, வாலை இழந்து ஓடுகிறது.

பேரனின் புத்தகத்தில் இதைத் திரும்ப வாசித்தபோதுதான் ஒரு வரி கண்ணில் பட்டது. அந்தக் குளத்துச் சம்பவம் நத்தாருக்கு (கிறிஸ்துமசுக்கு) சற்று முன், பன்றி இறைச்சியை உப்பிலிடும் நாட்களில் நடக்கிறதாம். கதையை எழுதிய கவிஞனுக்கு நாட்காட்டியே அதுதான். குளிருக்கு முன் பன்றியை வெட்டி உப்பிட்டால் குளிர்காலத்துக்கு இறைச்சி உண்டு. பன்றி இல்லாத வீட்டில் கூழும் அவரையும். அந்தக் காலத்தில் கோதுமை விதைத்தால் ஒன்றுக்கு மூன்று, நான்குதான் திரும்பி வரும். அதிலே ஒன்றை அடுத்த விதைப்புக்கு எடுத்து வைக்க வேண்டும், பிரபுவுக்கும் கோயிலுக்கும் பங்கு, அரைக்கப் பிரபுவின் ஆலையில் கூலி. புதிய அறுவடைக்கு முந்திய வாரங்களில் குதிர் வெறுமையாகிவிடும்.

இவையெல்லாம் 12ஆம் 13ஆம் நூற்றாண்டுக் கதைகள், விளைச்சலும் சனமும் பெருகிய காலம். அப்போதே கதைக்குள் எல்லாருக்கும் பசி. 1315இல் மழை விடாமல் கொட்டி வட ஐரோப்பா முழுக்கப் பயிர் அழுகியது, உப்புக் காய்ச்ச வெயில் இல்லாமல் உப்பும் விலையேறியது. இந்தக் கதைகளில் உள்ளது அந்தப் பெரிய பஞ்சமில்லை, வருடா வருடம் வருகிற சின்னப் பஞ்சம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இவற்றை எழுதியவர்கள் குடியானவர்கள் இல்லை, படித்த மதகுருமார். குடியானவன் கதைக்குள் வந்தால் பெரும்பாலும் அடி வாங்குவான், அல்லது ஏமாறுவான். ஆனாலும் எனக்குப் பிடித்தது லியெதார் என்ற உழவன் வரும் கதை. களைத்த எருதைப் பார்த்து, உன்னைக் கரடி தின்னட்டும் என்று வாய்தவறித் திட்டிவிடுகிறான். கரடி அதைக் கேட்டு, எருதைத் தா என்று வந்து நிற்கிறது. நரியின் தந்திரத்தால் கரடியைக் கொன்று, இரவோடிரவாகக் கொண்டுபோய் உப்பிட்டு ஒளிக்கிறான். காடும் வேட்டையும் பிரபுவுடையவை, தெரிந்தால் கழுத்துப் போய்விடும். நரிக்குக் கூலியாகச் சொன்ன சேவலை அவன் கொடுக்கவில்லை. பிரபுவிடம் சொல்லிவிடுவேன் என்று நரி மிரட்டுகிறது. அதற்குப் பிறகு அவன் கோழிக்கூடு என்னவாகும் என்று சொல்லவா வேண்டும்.

ஆங்கிலக் கவிஞர் சோசரின் சேவல் கதையையும் சேர் சொன்னார். அதில் வரும் ஏழைக் கைம்பெண்ணின் மேசையில் வெள்ளையும் கறுப்பும்தான்: பாலும் கறுத்த பாணும். கொஞ்சம் வாட்டிய பன்றி இறைச்சி, எப்போதாவது ஒரு முட்டை. அந்த வீட்டுச் சேவலைத்தான் நரி தூக்குகிறது. "இப்ப நரி நல்லவனோ?" என்று கேட்டுவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தார்.

பின்னாளில் நானே தேடிக் கண்டது ஸ்கொட்லாந்துக் கவிஞர் ராபர்ட் ஹென்றிசனின் கதைகளை, 15ஆம் நூற்றாண்டு. டன்ஃபர்ம்லைனில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பார்கள். ஓநாயும் ஆட்டுக்குட்டியும் கதையின் முடிவில் அவர் ஓநாய்களுக்குப் பெயர் வைக்கிறார்: பொய் வழக்காடுபவர்கள், பணக்காரர்கள், குத்தகைக்கு நிலம் கொடுத்து முன்பணமும் வாங்கிக்கொண்டு தவணை பாதி ஆகுமுன் குடியானவனைக் கிளப்பப் பார்க்கும் நிலக்காரர்கள். வாசித்தபோது எங்கள் சேரின் குரலில்தான் கேட்டது.

பிரெஞ்சில் நரிக்கு முதலில் வேறு சொல் இருந்தது, கூப்பில். ரெனார் என்ற பெயர் ஊரெல்லாம் பரவி அந்தச் சொல்லையே விழுங்கிவிட்டது. பேரனுக்கு இது பரீட்சைக்கு வருமாம்.

அவனுக்குப் பாண் வரிசையையும் சொன்னேன். மயங்கி விழுந்ததைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கேட்டான்: "அப்ப உங்கட சேருக்குப் பாண் கிடைச்சதோ?"

எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வாங்கியதும் கடைப்பலகையைப் போட்டுவிட்டார்கள். சேர் அதற்கும் வெகு பின்னால் நின்றார்.