ஏப்ரல் 9க்கு முன்

பெப்ரவரி 26, புதன்
சிவராத்திரி. 77.8 கிலோ. விரதம் என்பதால் இன்றைக்கு யாரும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தவில்லை. நிம்மதி.

பெப்ரவரி 28, வெள்ளி
அண்ணாவுக்கு என் சிறுநீரகத்தைக் கொடுக்க ஏப்ரல் 9க்கு முன் 74.9 கிலோவுக்கு வர வேண்டும். என் 158 சென்டிமீட்டர் உயரத்துக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண், 30க்கு வர அதுதான் கணக்கு. புதன்கிழமையிலிருந்து எண்ணினால் 42 நாள். சும்மா இருந்தாலே எனக்கு 1,680 கலோரி செலவாகும், 1,200 சாப்பிடு என்கிறது ஆப். ஒரு நாளைக்கு 480 மிச்சம், ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700, அப்படியே 42 நாள் போனாலும் இரண்டு கிலோ 600தான் வருகிறது. 280 கிராம் குறைகிறது. மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். நடை இல்லாமல் முடியாது, நடந்து எரித்த கலோரியைத் திருப்பிச் சாப்பிட்டாலும் முடியாது.

மார்ச் 1, சனி
அண்ணாவுக்கு மெஷின் நாள், டயாலிசிஸ். நான்கு மணி நேரம். வந்து படுத்தவர் இரவு வரைக்கும் எழும்பவில்லை. குடிக்கிற தண்ணீரையே அளந்து குடிக்கிற மனிதர், ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

மார்ச் 5, புதன்
கொழும்பு மரைன் டிரைவில் ஒரு மணி நேரம், வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை போய்த் திரும்பினேன். 402 கலோரி எரித்தாய் என்கிறது கை மணிக்கூடு. உடனே ஆப் 1,200ஐ 1,602 ஆக்கிவிட்டது. பச்சை நிறத்தில், சாப்பிடு சாப்பிடு என்பதுபோல. சாப்பிடவில்லை. மேல்மாடி ராத்தா நோன்புக் கஞ்சி அனுப்பியிருந்தார், ஒரு கிளாஸ் நிறைய, இஞ்சி வாசத்தோடு. மூடிவைத்துவிட்டு அண்ணியிடம் கொடுத்தேன். அவ்வளவு அன்பாக அனுப்பியதை வாயில் வைக்காமல் விட்டது இரவெல்லாம் உறுத்தியது.

மார்ச் 8, சனி
76.9.
அந்த 402ஐப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேகநடைக்குச் சொல்லப்படும் அளவு 4.3 மெட், அதாவது சும்மா இருக்கும்போது போவதைப்போல 4.3 மடங்கு. என் எடைக்குப் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு 330 அளவில் வரும். அதிலும் கதிரையில் சும்மா இருந்தாலே 77 போயிருக்கும், அது ஏற்கெனவே 1,680க்குள் இருக்கிறது. ஆக, நடையால் உண்மையில் கூடுதலாகப் போனது 250 போல. 402ஐ நம்பிச் சாப்பிட்டிருந்தால் ஒவ்வொரு நாளும் 150 வீண். ஸ்டான்போர்டில் 2017இல் 60 பேருக்கு ஏழு கைப்பட்டிகளைக் கட்டிச் சோதித்திருக்கிறார்கள். இதயத்துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே காட்டியிருக்கின்றன, ஆனால் கலோரியில் மிகத் திறமானதே சராசரியாக 27 சதவீதம் பிழை. மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன். இனி ஒன்றும் திருப்பிச் சாப்பிடுவதில்லை.

மார்ச் 11, செவ்வாய்
77.6!! நேற்றுக் கருவாட்டுக் குழம்பு. உப்புக்கு உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும், தெரியும். தெரிந்தும் அழுதேன்.

மார்ச் 13, வியாழன்
போயா, பௌர்ணமி விடுமுறை. கடை பூட்டு. நடந்தேன். 76.5.

மார்ச் 14, வெள்ளி
பம்பலப்பிட்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஓரத்துக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். தம்பிலி, செவ்விளநீர், விற்கிற பெடியன் ஒன்றை வெட்டிக் கையில் தந்து, காசு பிறகு தாங்கோ அக்கா என்றான். குடித்தேன். குடிக்கும்போதே இதற்கு எத்தனை என்று மனம் எண்ணியது. கை நடுக்கம் நிற்கக் கால் மணி நேரம். சீப்பிலும் முடி கூட வருகிறது. வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 15, சனி
அண்ணி கண்டுபிடித்துவிட்டார். அண்ணாவுக்கும் சொல்லிவிட்டார். மெஷினால் வந்த களைப்போடு சுவரைப் பிடித்துக்கொண்டு என் அறை வாசலில் நின்று, "நீ இப்பிடிப் பட்டினி கிடந்து தாறதெண்டா எனக்கு வேண்டாம்" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை.

மார்ச் 18, செவ்வாய்
சிறுநீரில் புரதம் காட்டியிருக்கிறதாம். என்னுடையதில். அந்த நொடியில் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். டொக்டர் கேட்டார், முதல் நாள் என்ன செய்தீர்கள் என்று. ஒன்பது மாடி, ஆறு தரம், ஏறி இறங்கினேன் என்றேன். கடுமையாக உடம்பை வருத்தினால் ஒன்றிரண்டு நாளைக்கு அப்படிக் காட்டலாமாம், ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பச் சோதிப்போம் என்றார். அப்புறம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். போசணை ஆலோசகரிடம் அனுப்பினார். அவர் என் கொப்பியைப் புரட்டிவிட்டு, மணிக்கூடு சொல்வதில் பாதியைச் சாப்பிடுங்கள், நடந்த நாளில் 200, அதையும் முட்டை, மீன், பருப்பாக, இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் போகும், ஒப்பரேஷனைத் தாங்குகிற உடம்பு வேண்டும் என்றார். நான் 250 என்று தனியாகப் போட்ட கணக்குக்குள்ளேயே அந்த 200 அடங்குகிறது. பத்து நாள் ஏன் இது எனக்கு விளங்கவில்லை?

மார்ச் 19, புதன்
இரண்டு முட்டை. பயந்து பயந்து சாப்பிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி
ராத்தாவின் கஞ்சி. குடித்தேன். ஆப்பில் எத்தனை போடுவதென்று தெரியாமல் 200 என்று போட்டேன். நல்ல நித்திரை.

மார்ச் 23, ஞாயிறு
75.8. இன்னும் 900 கிராம், 17 நாள். 200ஐத் திருப்பிச் சாப்பிட்டால் கையில் மிஞ்சுவது நாளுக்கு 530, அதை 17ஆல் பெருக்கினால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். வருகிறது. திரும்பப் போட்டுப் பார்த்தேன். வருகிறது.

மார்ச் 24, திங்கள்
காலை ஆறு மணியிலிருந்து 24 மணி நேரச் சிறுநீர்ச் சேகரிப்பு. கேன் குளியலறையில் இருக்கிறது, யாரும் தொடக்கூடாது என்று கதவில் ஒட்டியிருக்கிறேன். மூன்று நாளாக நடை இல்லை. அண்ணா வந்து, சாப்பிட்டியா என்று கேட்டார்.