டென்மார்க்கின் காற்றாலைக் காப்புரிமைகளை எப்படி எண்ணுவது?

ஒரு நாடு பசுமைத் தொழில்நுட்பத்தில் எவ்வளவு புதிதாகச் செய்கிறது என்று காப்புரிமைகளை வைத்து அளக்கப் போனால், முதல் தடுமாற்றமே "எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது?" என்பதுதான். டென்மார்க்கின் பிராண்டே ஊரில் இருந்த போனஸ் எனர்ஜியை 2004-ல் ஜெர்மனியின் சீமென்ஸ் வாங்கியது. காற்றாலைப் பொறியாளர்கள் பிராண்டேயிலேயே இருந்தார்கள். விண்ணப்பங்கள் சீமென்ஸ் பெயரில் போயின. விண்ணப்பதாரரின் நாட்டைப் பார்த்து எண்ணினால் டென்மார்க்கின் உழைப்பு ஜெர்மனிக்குப் போய்விடும். அதனால் கண்டுபிடிப்பாளரின் முகவரியை எடுங்கள். மூவரில் இருவர் டென்மார்க்கில், ஒருவர் ஜெர்மனியில் என்றால் 2/3, 1/3 எனப் பிரியுங்கள்.

தரவு, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் பேட்ஸ்டாட் (PATSTAT) என்னும் காப்புரிமைத் தரவுத்தளம். ஆண்டுக்கு இரண்டு பதிப்பு வரும். எதைப் பயன்படுத்தினீர்கள் என்று குறித்து வையுங்கள். பழைய ஆவணங்களுக்கும் பின்னாளில் ஒய்02 (Y02) முத்திரை, அதாவது காலநிலைக்கு உதவும் தொழில்நுட்பம் என்னும் வகைக்குறி, விழுவதால், அடுத்த பதிப்பில் எண்ணிக்கை மாறும்.

காற்றாலைக்கான வகைக்குறிகள் எஃப்03டி (F03D), ஒய்02இ (Y02E) 10/70 முதல் 10/76 வரை: இரண்டில் எது இருந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஓர் அற்பமான பொறி உண்டு. பேட்ஸ்டாட்டில் ஒய்02இ-க்கும் 10-க்கும் நடுவே இரண்டு வெற்றிடம் இருக்கும். ஒட்டித் தட்டினால் ஒரு வரிகூட வராது. "டென்மார்க்கில் காற்றாலையே இல்லை போல" என்று தோன்றும்.

ஒரே இறக்கை வடிவமைப்பு டென்மார்க், ஐரோப்பா, அமெரிக்கா, சீனா என நான்கு இடத்தில் பதிவானால் நான்கு வரிகள். ஒரே கண்டுபிடிப்பின் விண்ணப்பங்களுக்குப் பொதுவாகத் தரப்படும் டாக்டிபி (DOCDB) குடும்ப எண்ணால் அவற்றை ஒன்றாக்கி, முதன்முதலில் விண்ணப்பித்த ஆண்டில் வையுங்கள். நாடுகளை ஒப்பிடும்போது குறைந்தது இரண்டு அலுவலகங்களுக்குப் போன குடும்பங்களை மட்டும் எடுப்பதே நல்லது. இல்லாவிட்டால், ஆழ்ந்த பரிசோதனை இல்லாமலே பதிவாகும் சீனப் பயன்மாதிரிகள் (சிறு கண்டுபிடிப்புகளுக்கான எளிய வகை உரிமை) கணக்கை மூழ்கடிக்கும்.

வரைபடத்தின் வால் கடைசியில் சரிந்தால் பதற வேண்டாம். விண்ணப்பம் வெளியாகவே 18 மாதம் ஆகும். பன்னாட்டு விண்ணப்பம் நாடுகளுக்குள் நுழைய 30 மாதம். கடைசி மூன்று ஆண்டுகளை வெட்டிவிடுங்கள். நடுவில் திடீர் மேடு தெரிந்தால் டென்மார்க்கின் பெரிய காற்றாலை நிறுவனமான வெஸ்டாஸை நீக்கிவிட்டு மறுபடி வரையுங்கள். சின்ன நாட்டில் ஒரு பெரிய நிறுவனம் விண்ணப்பக் கொள்கையை மாற்றினாலே நாடே விழித்துக்கொண்டது போலத் தெரியும்.

தொடக்க காலத்தை இந்த முறை பிடிக்காது. 1978-ல் டென்மார்க்கின் த்விண்ட் பள்ளியில் ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் கட்டிமுடித்த பெரிய காற்றாலையின் அறிவு மற்றவர்களுக்குத் திறந்தே கிடைத்தது. 1970-களுக்குக் காப்புரிமை எண்ணிக்கையை விட, நிறுவிய காற்றாலைகளின் பட்டியல் உதவும்.