பத்து நொடி மௌனம்

மார்ச் 3, செவ்வாய்

வியாழன் இரவு நேரலை. அரை மணி நேரத்துக்கான பிரதியில் பாதிகூடத் தேறவில்லை. வளாக வானொலியின் நகைச்சுவை நிகழ்ச்சிக்கு ஒன்பது தன்னார்வலர்கள் பெயர் கொடுத்தார்கள். ஒத்திகைக்கு வந்தவர்கள் நான்கு பேர். அதிலும் ஒருவர் ஸ்டூடியோ சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தவர். சம்பளமில்லாத வேலையில் யாரைக் கோபித்துக்கொள்வது? சாவிக்காரருக்கே பேராசிரியர் வேடம் கொடுத்துவிட்டோம். கணீர்க் குரல். ஆனால் ‘ப’ வரும்போதெல்லாம் காற்று மோதி மைக் வெடிக்கிறது. அவர் வசனமோ பட்டம், பரீட்சை, பல்கலைக்கழகம்! மைக்கைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிய பிறகு ஓரளவு அடங்கியது.

மார்ச் 4, புதன்

ஒலி விளைவுகளுக்குப் பொறுப்பான அக்கா, துணிப்பையில் சோளமாவைக் கட்டி அமுக்கிக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டால் அசல் பனியில் நடக்கும் சத்தம். எங்கள் பிரதியில் பனியே இல்லை. இரவோடு இரவாக ஒரு பனிமலைக் காட்சி எழுத வேண்டியதாயிற்று.

மார்ச் 5, வியாழன்

வானொலியில் முகபாவம் கிடையாது, மௌனம்தான் முகம். 1948-இல் அமெரிக்க வானொலி நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னி இதை அழகாகக் காட்டினார். கஞ்சன் வேடம் அவருக்கு. “பணமா, உயிரா?” என்று திருடன் மிரட்டுகிறான். பதிலே இல்லை. மறுபடி அதட்டினால், “யோசித்துக்கொண்டிருக்கிறேன்” என்கிறார்.

அந்தத் தெம்பில் நாங்களும் ஒன்று எழுதினோம். வாய்மொழித் தேர்வு. “இந்த ஆய்வேட்டை நீங்களே எழுதினீர்களா?” என்கிறார் பேராசிரியர். நீண்ட மௌனம். பிறகு மாணவன், “எந்த அத்தியாயம், ஐயா?”

நன்றாகத்தான் நடித்தோம். எங்கள் ஹெட்ஃபோனில் வந்தது ஸ்டூடியோ ஒலி மட்டும் என்பதால், வெளியே போனது தெரியவில்லை. ஒலிபரப்பில் பத்து நொடி சத்தமில்லையென்றால், ஏதோ பழுது என்று எண்ணிப் பதிவிசையை ஓடவிடும் கருவி ஒன்று இருக்கிறது. நாங்கள் பன்னிரண்டு நொடி யோசித்துவிட்டோம். மாணவனின் பதிலைப் புல்லாங்குழல் விழுங்கிவிட்டது.

மார்ச் 7, சனி

நேயர் ஒருவரிடமிருந்து செய்தி. நிகழ்ச்சி தொடங்கி இதுதான் முதல் செய்தி. ‘கேள்விக்குப் பதிலாகப் புல்லாங்குழல் வந்ததே, விழுந்து விழுந்து சிரித்தேன். யாருடைய யோசனை?’

எங்களுடையது என்று பதில் போட்டிருக்கிறேன். ஆய்வேட்டைப் பற்றிக் கிண்டல் எழுதிய கைதான்.

மார்ச் 12, வியாழன்

அதே காட்சியை இன்று வேண்டுமென்றே மறுபடி வைத்தோம். கேள்வி கேட்டாயிற்று, காத்திருந்தோம். பத்து நொடி. பன்னிரண்டு. பதினைந்து. புல்லாங்குழலைக் காணோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொழில்நுட்பப் பொறுப்பாளர் அண்ணா மலர்ந்த முகத்துடன் மூன்று விரலை நீட்டினார், பிறகு கையைக் குவித்துச் சுழியம் காட்டினார். போன வாரம் எங்கள் நகைச்சுவை பாழானதற்கு வருந்தி, கருவியை முப்பது நொடிக்கு மாற்றிவைத்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சரி, முப்பதுதானே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இருபத்தாறாவது நொடியில் சாவிக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

“பதில்?”

‘ப’ வெடித்தது. கருவி மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியது.